ஊசியில் போகாத நூல்

ஓவர்லாக் மெஷினில் கம்பளி நூலை விடாதீர்கள் என்று நான் சொல்லாத ஆள் சிரம்பான் வட்டாரத்தில் கிடையாது. மெஷினை விற்கும்போது சொல்வேன். ரிப்பேருக்குத் திறக்கும்போது மறுபடி சொல்வேன். திருகாணியை முடுக்கி மூடும்போது திட்டியே சொல்வேன். அம்பாங்கானில் எனக்குச் சின்னதாக ஒரு கடை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் மனைவியே சொல்வாள். இருக்கட்டும். மெஷின் விஷயத்தில் நான் சொன்னது தப்பியதில்லை. பேச்சைக் கேட்காதவர்கள் மறுவாரமே மெஷினைத் தூக்கிக்கொண்டு அசட்டுச் சிரிப்போடு கடை வாசலில் நிற்பார்கள்.

புக்கிட் பெலண்டோக் அக்கா மட்டும் அப்படி வந்து நின்றதே இல்லை.

ஓவர்லாக்கைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். துணியின் ஓரத்தைக் கத்தியால் வெட்டிக்கொண்டே, வெட்டிய ஓரத்தில் நூலைச் சுற்றிக் கட்டுகிற மெஷின் அது. மேலே ஊசி. கீழே லூப்பர் என்று வளைந்த இரண்டு இரும்பு விரல்கள். ஊசியின் கண்ணில் சன்ன நூல்தான் போகும். லூப்பரின் கண் கொஞ்சம் பெரிது. அது துணியைக் குத்துவதும் இல்லை, ஓரத்தைச் சுற்றி வருவதோடு அதன் வேலை முடிந்தது. அதனால் ஊசியில் போகாத மொத்தமான நூல்கூட லூப்பரில் போகும். பொறுமை இருந்தால் போகும். இல்லாவிட்டால் நூல் சிக்கி, லூப்பர் வளைந்து, ஊசி முறிந்து, கத்தியின் முனையும் போய்விடும்.

புக்கிட் பெலண்டோக்கில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில், கடைசி வரிசையில் இருந்தது அக்காவின் வீடு. புருஷன் தோட்டத்து லாரி ஓட்டியவர், முன்னமே இறந்துபோய்விட்டார். அக்கா வீட்டிலிருந்தபடியே சுற்றுவட்டாரத்து மலாய்ப் பெண்களின் தூடோங்குகளுக்கு ஓரம் கட்டிக் கொடுப்பாள். தலையில் போடுகிற அந்தச் சதுரத் துணிக்கு ஓரம்தான் அழகே. எல்லாரும் அதே நிறத்துச் சன்ன நூலில் சுருட்டித் தைத்துக் கொடுப்பார்கள். அக்கா அப்படிச் செய்யமாட்டாள். கம்பளி நூல், முறுக்கு ஜரிகை, மெல்லிய ரிப்பன் என்று எதையாவது லூப்பரில் விட்டு, ஓரத்தில் கயிறு வைத்துக் கட்டின மாதிரி தடிப்பாகக் கொண்டுவந்துவிடுவாள். போர்ட்டிக்சனிலிருந்து ஒரு மீனவர் பெண்டாட்டி வலை பின்னுகிற நூலைக் கொண்டுவந்து கொடுத்து, இதுவும் போகுமா என்று கேட்டாளாம். "கொண்டா, விட்டுப் பாப்போம்" என்றாளாம் அக்கா. அதையும் ஓட்டிவிட்டாள்.

முதல் தடவை நான் அங்கே போனபோது அந்த வலை நூல்தான் மெஷினில் இருந்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"அக்கா, இது மெஷினா, இல்ல சம்பான் படகா? இதெல்லாம் உள்ள விடலாமா?"

"ஏன், ஓடலியா?"

"ஓடுது. ஓடறது வேற, ஓடணும்கறது வேற."

"ஓடுதுல்ல? அப்ப ஒனக்கு என்ன சூசா தம்பி, என்ன கஷ்டம்?" என்று சொல்லிவிட்டு, தைத்த துண்டை என் கையில் கொடுத்தாள். "தொட்டுப் பாரு."

இந்தத் "தொட்டுப் பாரு" அக்காவின் வாயோடு பிறந்த சொல். துணி வாங்க வருகிறவர்கள் விரித்துப் பார்க்க ஆரம்பித்தால் பிடிக்காது. "அத என்னா விரிச்சுகிட்டு? ஓரத்தத் தொட்டுப் பாருங்க" என்பாள். நானும் தொட்டேன். ஒரு இடத்தில்கூடத் தளர்வு இல்லை, இறுக்கமும் இல்லை. கழுத்துச் சங்கிலியை விரலால் உருட்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தவன் திட்டாமலே மூடினேன்.

மெஷினில் ஒவ்வொரு நூலையும் இழுத்துப் பிடிக்க ஒரு திருகு உண்டு. மொத்த நூல் அந்தத் திருகின் தட்டுகளுக்கு நடுவே நுழையாது, நுழைத்தால் நகராது. அக்கா நூலை அந்தப் பக்கமே கொண்டுபோகமாட்டாள். நூல் உருண்டையைக் கீழே ஒரு டின்னில் போட்டு, வருகிற நூலை இடது கை விரல்களுக்கு நடுவே விட்டு, விரலையே திருகாக்கிக்கொள்வாள். சுண்டு விரலை மடக்கினால் தையல் இறுகும், நீட்டினால் தளரும். வலது கை துணியைப் பார்த்துக்கொள்ளும். கால் பெடலை லேசாக, தூங்குகிற பிள்ளையைத் தட்டுகிற மாதிரி அழுத்தும். மெஷின் கரக், கரக் என்று ஒவ்வொரு தையலாக நடக்கும். நான் இத்தனை வருஷம் மெஷின்களோடு புரண்டவன், இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே நின்றதில் கலக்கி வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது.

ஆனால் கோபமும் வரும். அக்காவிடமிருந்து போன் வந்தால் ஒரே வார்த்தைதான். "ரோசாக்."

ரோசாக் என்றால் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். நான் கடையைச் சாத்திவிட்டு மோட்டர்சைக்கிளை எடுத்துக்கொண்டு லுக்குட் சடக்கில், தார் ரோட்டு வெயிலில் வெந்து போய்ச் சேர்ந்தால், மெஷினில் ஒரு கேடும் இருக்காது. ஊசியிலிருந்து நூல் அறுந்திருக்கும், அவ்வளவுதான்.

"இதுக்கா என்னக் கூப்ட்டீங்க? ஒரு நூல் கோக்கத் தெரியாதா?"

"தெரியும். நீ கோத்துக் குடு. மெக்கானிக்குன்னு எதுக்கு இருக்க?"

மகாராணி மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்வாள். நானும் முணுமுணுத்துக்கொண்டே கோத்துக் கொடுப்பேன். ஊசிக்கு எப்போதும் ஒரே சாம்பல் நிற நூல்தான், பெரிய உருளையாகப் போட்டு வைத்திருப்பாள், மாற்றவே மாட்டாள். கீழே லூப்பருக்குத்தான் நிறம் நிறமாக மாறும். அதற்கு என்னைக் கூப்பிடுவதில்லை. பழைய நூலின் வாலில் ஒரு கண்ணி போட்டு, புது நூலை அதில் மாட்டி, சக்கரத்தைக் கையால் திருப்பி மெதுவாக உள்ளே இழுத்துவிடுவாள்.

மெஷின் வாசல் கதவுப் பக்கம் இருட்டு மூலையில் இருக்கும். அடுத்த பக்கத்தில் நல்ல ஜன்னல் சும்மா கிடக்கும். "வெளிச்சத்துல வைங்களேன்" என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். "இங்க காத்து வருது. வர்றவங்க சத்தம் கேக்குது. போதும்" என்று முடித்துவிடுவாள்.

அக்காவுக்கு ஒரே மகன். நீலாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை, அங்கேயே அடுக்குமாடியில் வீடு. வரும்போதெல்லாம் அம்மாவை அங்கே வந்துவிடச் சொல்வான். அக்காவுக்கு இனிப்பு நீர் வியாதி இருந்தது, தனியாக இருக்கிறாள் என்று அவனுக்குக் கவலை. ஆனால் மெஷினை வித்துவிட்டு வரவேண்டும் என்பான். அங்கே இடமில்லை, வீட்டில் கைக்குழந்தை வேறு.

"மெஷின் இல்லாம ஒன் வீட்டுல வந்து நான் என்னா பண்ண? சோத்தத் தின்னுட்டு மூலையில கெடக்கவா?" என்பாள் அக்கா. அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும். மெஷினை விட்டால் அக்கா வெறும் ஆளாகிவிடுவாள் என்பது எனக்கே தெரிந்தது, பெற்ற மகனுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் ஒவ்வொரு தடவையும் அதோடு விட்டுவிட்டுப் போனான்.

ஒரு ஆடி மாதம். தாமான் கோயில் அம்மனுக்குப் புடவை சாத்துவதற்காக ஒரு மஞ்சள் புடவைக்குச் சிவப்புக் கம்பளியில் ஓரம் கட்டிக்கொண்டிருந்தாள் அக்கா. நான் எண்ணெய் போட வந்திருந்தேன். மெஷினுக்கு அடியில் எண்ணெய் சொட்டியிருக்க, லூப்பர் நூலை வால் விட்டு வெட்டி, அங்கே வரிசையாக இருந்த நூல் டின்களை எடுத்து ஓரமாக வைத்து, துடைத்துவிட்டு, வரிசை பார்க்காமல் மறுபடி உள்ளே தள்ளினேன். எல்லாம் ஒரே அளவுப் பால்மாவு டின்கள், உள்ளே இருக்கிற நூல்தான் வேறு. அக்கா பசியாறிவிட்டு வந்து உட்கார்ந்தாள். காலால் டின்னைத் தடவி இழுத்து, நூல் முனையை எடுத்து, கண்ணி போட்டு மாட்டினாள். மஞ்சள் புடவையின் மீதி ஓரத்தையும் ஓட்டி முடித்து என் பக்கம் நீட்டினாள்.

"செவப்பு எப்படி இருக்கு தம்பி? மஞ்சள்ல நல்லா எடுத்துக் காட்டுதா?"

நான் பார்த்தேன். பாதி ஓரம் சிவப்பு. மீதி நீலம். பளிச்சென்று, எட்டு ஊருக்குத் தெரிகிற நீலம்.

அக்கா கேலி பேசுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. பாராட்டுக்குக் காத்திருக்கிற முகம். அது என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தது, ஆனால் கண் என் தோளுக்குப் பக்கத்தில் எங்கேயோ நின்றது. இத்தனை நாளும் அந்தப் பார்வையை நான் கர்வம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா," என்றேன். "அது நீலம்."

அக்கா கையை எடுக்கவில்லை. காலால் டின்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "டின்ன நகத்துனியா?" என்றாள்.

"ஆமா."

"நாசமா போச்சு. கேட்டுட்டு நகத்தக் கூடாதா?"

எவ்வளவு காலமாக என்று கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகப் போச்சு என்றாள். முதலில் ஊசியின் கண் போனது, பிறகு சன்ன நூல் போனது, பிறகு நிறங்கள் போயின. இப்போது வாசலில் ஆள் நின்றால் நிழல் தெரியும், அவ்வளவுதான். கிளினிக்கில் இனிப்பு நீரால் வந்தது என்றும் திரும்ப வராது என்றும் சொல்லிவிட்டார்களாம்.

"சன்ன நூலு கையில ஆப்புடாது தம்பி. எங்க இருக்கு, எங்க அறுந்துச்சு, ஒண்ணும் தெரியாது. மொத்த நூல்னா கைக்குத் தெரியும். அதான் கம்பளிக்கு மாறுனேன். அப்புறம் கம்பளியும் பத்தல, இன்னும் மொத்தமா தேடுனேன். இந்தப் பொம்பளைங்க என்னடான்னா, அக்கா புதுசு புதுசா ஃபேஷன் பண்றாங்கன்னு போர்ட்டிக்சன் வரைக்கும் சொல்லிவிட்டுட்டாளுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வலை நூல், அந்த ஜரிகை, ஊரே வாய் பிளந்த அந்தக் கனத்த ஓரங்கள் எல்லாம் என் கண் முன்னால் வந்தன. கண் போகப் போக நூலை மொத்தமாக்கிக்கொண்டே வந்திருக்கிறாள் இந்தப் பொம்பளை. நான் என்னவென்றால் மெஷின் கெட்டுவிடும் என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

"மவன்ட்ட சொல்லிடாத," என்றாள். "தெரிஞ்சா அன்னிக்கே மெஷினத் தூக்கி லாரியில போட்ருவான்."

"இந்தப் புடவைய என்னக்கா பண்றது? பிரிச்சிடவா?"

"எதுக்குப் பிரிக்கணும்? அம்மனுக்கு நீலம் ஆவாதுன்னு யாரு சொன்னா?"

அந்த வெள்ளிக்கிழமை அம்மன் அந்தப் புடவையில்தான் நின்றாள். ஒருவரும் தப்பு என்று சொல்லவில்லை என்று அக்கா அப்புறம் போனில் பெருமையடித்துக்கொண்டாள்.

அடுத்த முறை போனபோது, ஒரு சார்டின் டின்னின் தகரத்தை வெட்டி, ஓரத்தை மழுங்கத் தேய்த்து, மெஷினின் கத்திக்கு முன்னால் தடுப்பாகப் பொருத்தினேன். விரல் அதைத் தாண்டிக் கத்திக்குப் போக முடியாது. அக்கா தடவிப் பார்த்தாள். "நான் என்னா சின்னப் பிள்ளையா?" என்றாள். ஆனால் கழற்றச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் ஒரு நாள் அக்காவின் மகன் என் கடைக்கே வந்தான். முகம் சரியில்லை.

"மாமா, ஒரு ஒதவி. போன வாரம் அம்மாவுக்குச் சீனி எறங்கி வாசல்ல மயங்கிக் கெடந்துச்சு. பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக் பாக்காம இருந்திருந்தா என்னா ஆயிருக்கும்? இனிமே அங்க விட முடியாது. ஆனா மெஷின விட்டுட்டு வரமாட்டேங்குது."

"மெஷினயும் தூக்கிட்டுப் போயேன்பா."

"பிள்ள தவழுது மாமா. அந்தக் கத்தியப் பாத்தாலே எனக்குப் பயமா இருக்கு லா." கொஞ்சம் தயங்கினான். "நீங்க வந்து பாத்துட்டு, ரோசாக், இனிமே செய்ய முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேக்கும்."

"நான் சொல்லி ஒங்கம்மா எப்பய்யா கேட்டுச்சு?" என்றேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றும் சொன்னேன்.

சொல்லிவிட்டேனே தவிர, வழியெல்லாம் மனசு ஒரு நிலையில் இல்லை. அவன் கேட்டதில் என்ன தப்பு? அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் மெஷின் அன்றைக்கே போய்விடும். சொல்லாவிட்டால், கண் தெரியாத ஒரு ஆளையும் கத்தியையும் தவழ்கிற பிள்ளையையும் ஒரே வீட்டில் வைத்த பாவம் என்னைச் சேரும். பொய் சொல்லவும் வாய் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. எனக்கு வாய் வராமல் போனது அந்த ஒரு நாள்தான்.

போனேன். மகன் அம்மாவின் துணிமணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தான். நான் மெஷினின் மூடியைத் திறந்து, ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சுத்தமான மெஷின். ஒரு பஞ்சுத் துணுக்கு கிடையாது. தினமும் விரலால் தடவித் தடவியே துடைத்திருக்கிறாள்.

"என்ன தம்பி, தொறந்துட்டுச் சத்தத்தையே காணோம்?" என்றாள் அக்கா நாற்காலியிலிருந்து. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ரோசாக்னு சொல்லச் சொன்னானா?"

நான் ஸ்பானரைத் தரையில் வைத்தேன். அந்தச் சத்தமே அக்காவுக்குப் பதிலாகிவிட்டது.

"சரி. மொதல்ல மூடு. ஊசியில நூலக் கோத்துக் குடு. பேரப்பிள்ளைக்கு ஒரு போர்வத் துணி எடுத்து வச்சிருக்கேன். அதுக்கு ஓரம் கட்டிடறேன். அப்புறம் நீ என்னா வேணுமோ சொல்லிக்க."

மூடினேன். கோத்தேன். அக்கா காலால் பால்மாவு டின்னை இழுத்து, மொத்தமான பஞ்சு நூலை எடுத்து லூப்பரில் மாட்டினாள். மகன் பையைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றான். அவன் கண் முழுக்கக் கத்தி மேலேயே இருந்தது. இத்தனை நாளில் ஒரு கீறல் விழுந்ததில்லை, இன்றைக்கு விழுந்தால் எல்லாம் முடிந்தது.

கரக், கரக் என்று மெஷின் நடந்தது. அக்காவின் சுண்டு விரல் மடங்கியது, நீண்டது. கட்டை விரல் தகரத் தடுப்பை ஒட்டியே போனது. நேர் ஓரம் யாரும் ஓட்டிவிடலாம், மூலையில்தான் ஓவர்லாக் ஆளைக் காட்டிக்கொடுக்கும். துணி முடிந்து ஒரே ஒரு தையல் காற்றில் விழ வேண்டும். அந்த நொடியில் நிறுத்தி, துணியை அழுத்துகிற பாதத்தைத் தூக்கி, நூலைத் தளர்த்தி, துணியைத் திருப்பி மறுபடி வைக்க வேண்டும். ஒரு தையல் முந்தினால் மூலை மொட்டையாகும், பிந்தினால் நூல் தொங்கும். கண் உள்ளவர்களே குனிந்து மூக்கு மெஷினில் முட்டுகிற அளவுக்குப் பார்த்துப் பார்த்துத்தான் செய்வார்கள்.

அக்கா குனியவில்லை. முகம் வாசல் பக்கம் இருந்தது, காது மெஷினில் இருந்தது. துணி தீர்ந்ததும் மெஷினின் சத்தம் ஒரு துளி மாறும். நான் மெக்கானிக், எனக்கே அது சரியாகக் கேட்காது. அக்காவுக்குக் கேட்டது. நிறுத்தினாள், திருப்பினாள், வைத்தாள். நாலு மூலையும் அப்படித்தான். கடைசி மூலை முடிந்ததும் நூலை அறுத்து, போர்வையை மகன் பக்கம் நீட்டினாள்.

"தொட்டுப் பாரு."

அவன் வாங்கினான். கட்டை விரலை ஓரத்தில் வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போனான். முதல் மூலை, அடுத்த மூலை என்று சுற்றி, தொடங்கின இடத்துக்கே வந்தான். பிறகு என்னைப் பார்த்து, "மாமா, இதுக்கு மேல ஒரு மூடி செஞ்சு பூட்டுப் போட்டுத் தாங்க. பிள்ள கை வைக்காத மாதிரி" என்றான். அம்மாவிடம் திரும்பினான். "ஹால்ல ஜன்னல் பக்கம் எடம் ஒதுக்கித் தரேம்மா. நல்ல வெளிச்சம் அங்க."

ஜெயித்தாயிற்று. இனி ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும்.

அக்கா மெஷினின் மேல் கையை வைத்தபடி, வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

"ஜன்னல் பக்கம் வேணாம்யா. அங்க பிள்ளையோட துணியக் காயப் போடுங்க. எனக்கு எதுக்கு வெளிச்சம்?"

அவனுக்கு உடனே விளங்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நான் தலையைக் குனிந்துகொண்டேன். கையிலிருந்த போர்வையை மறுபடி பார்த்தான். பிறகு அவன் விரல் மறுபடியும் அந்த ஓரத்தின் மேல் போக ஆரம்பித்தது, முதல் மூலையிலிருந்து, இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு. முழுச் சுற்றும் வந்து முடித்தான்.

"சரிம்மா," என்றான். "கதவுப் பக்கமே வைப்போம்."